ரோசியின் கண்ணை எடுத்தது பாவமா?



பொங்கல் அன்று வாசலில் கோலத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரோசியின் படத்தைப் போட்டிருந்தேன். இரண்டு மணி நேரம் குனிந்து போட்ட கோலத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. எல்லோர் பார்வையும் ரோசியின் வலது கண் இருந்த இடத்துக்குத்தான் போயிருக்கிறது. "ஐயோ, என்னாச்சு டீச்சர்" என்று முப்பது பேருக்கு மேல் கேட்டிருந்தீர்கள். என் சித்தி மகன் மட்டும், "வாயில்லா ஜீவனோட கண்ணை எடுக்க எப்படிக்கா மனசு வந்துச்சு? அப்படியே விட்டிருந்தா அது பாட்டுக்கு இருந்திருக்கும்ல" என்று எழுதியிருந்தான். கோபத்தில் ஒரு பதில் எழுதினேன். பிறகு அழித்துவிட்டேன். ஏனென்றால், அதற்கு இரண்டு மாதம் முன்புவரை நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தம்பி, இது உனக்கான பதில். நாய் வளர்க்கும் மற்றவர்களும் படியுங்கள். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். முப்பத்தாறு வருடம் பாடம் நடத்தியவளுக்குச் சுருக்கமாக எழுத வராது.

ரோசி காக்கர் ஸ்பேனியல் வகை. மகள் சென்னையில் வாங்கி வளர்த்து, வேலை மாற்றத்தில் எங்களிடம் விட்டுவிட்டுப் போனவள். இப்போது வயது ஏழு. (நாயை 'அது' என்று எழுதுவதுதான் இலக்கணம். அஃறிணை உயர்திணை எல்லாம் நான்தான் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இவள் விஷயத்தில் எனக்கு அது வரவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.) பட்டாசுச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். போன தீபாவளிக்கும் அப்படித்தான் படுத்தாள். மறுநாள் வெடிச் சத்தம் ஓய்ந்த பிறகும் வெளியே வரவில்லை. இட்லி வைத்தேன், முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். பயம் தெளியவில்லை என்று நினைத்தேன். வலது கண் சிவந்திருந்தது. புகை பட்டிருக்கும் என்று நானே முடிவு கட்டினேன்.

அடுத்து நான் செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில், வீட்டுக்காரருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை செய்தபோது கொடுத்த சொட்டு மருந்து பாதி மிச்சம் இருந்தது. கண் மருந்துதானே என்று எடுத்து இரண்டு நாள் விட்டேன். மூன்றாம் நாள் உள்ளூரில் ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கண் நோய்தான், ஐந்து நாளில் சரியாகிவிடும் என்று களிம்பு எழுதிக் கொடுத்தார். அவரைக் குறை சொல்லி எழுதவில்லை. கண்ணின் அழுத்தத்தை அளக்கும் கருவி அவரிடம் இல்லை. ஆடு, மாடு, கோழி என்று நூறு வேலைக்கு நடுவில் என் நாயையும் பார்த்தார். ஆனால் கண்ணை அளக்காமல் அது கண் நோய்தான் என்று அவரும் சொல்லியிருக்கக் கூடாது, நானும் நம்பியிருக்கக் கூடாது.

ஐந்தாம் நாள் மகள் வீடியோ அழைப்பில் பார்த்துவிட்டு, "அம்மா, கண்ணு நீலம் பூத்த மாதிரி இருக்கு. பாப்பா பெருசா விரிஞ்சே இருக்கு. உடனே கிளம்புங்க" என்றாள். பழனியிலிருந்து கோயம்புத்தூருக்குக் காரில் மூன்று மணி நேரம். ஆறாம் நாள் காலையில் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே இருந்த பெண் மருத்துவர் முதலில் ஒரு கருவியையும் எடுக்கவில்லை. பஞ்சை உருட்டி ரோசியின் முகத்துக்கு முன்னால் சத்தமில்லாமல் கீழே போட்டார். இடது கண் பக்கம் போட்டபோது தலை திரும்பியது. வலது பக்கம் திரும்பவே இல்லை. கையை வலது கண்ணுக்கு நேராகச் சட்டென்று கொண்டுபோனார், இமைக்கவில்லை. டார்ச் அடித்தார், விரிந்த பாவை சுருங்கவில்லை. பிறகு கழுத்துப் பட்டையைக் கழற்றச் சொன்னார். கழுத்தை இறுக்கினாலோ இமையை அழுத்திப் பிடித்தாலோ அளவு தப்பாக ஏறிவிடுமாம். பெரிய பேனா மாதிரி ஒரு டோனோமீட்டர். அதன் நுனியில் இருக்கும் மெல்லிய குச்சி கண்ணை லேசாகத் தொட்டுத் தொட்டுத் திரும்புகிறது. மரப்பு மருந்துகூட வேண்டியதில்லை. இரண்டு நிமிடத்தில் எண் வந்துவிட்டது. இடது கண் 19. வலது கண் 54.

நாய்களுக்கு இது ஏறக்குறைய 10 முதல் 25 வரை இருக்கலாம். (பாதரச மில்லிமீட்டர் கணக்கு.) எண்ணைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் கிளாக்கோமா உண்டு, ஒன்பது வருடமாகச் சொட்டு மருந்து விடுகிறார். "எனக்கு 26 இருந்ததுக்கே டாக்டர் அந்தத் திட்டு திட்டினாரு. 54ஆ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

கிளாக்கோமா என்றால் என்ன என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பும் என்னை ஏமாற்றியது. மனிதர்களில் பெரும்பாலோருக்கு அது வலியில்லாமல், ஓசையில்லாமல், வருடக்கணக்கில் பார்வையை ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டு வருவது. நாய்களுக்கு அப்படியல்ல. ஒரே நாளில் அழுத்தம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஏறிவிடலாம். மனிதர்களில் சிலருக்கும் இந்தத் திடீர் வகை வருவதுண்டு. அவர்கள் மண்டை பிளக்கும் வலி என்று கத்துவார்கள், வாந்தி எடுப்பார்கள், ராத்திரியோடு ராத்திரியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம். நாய் கத்தாது. கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். நாமும் பட்டாசுக்குப் பயம் என்று எழுதி முடித்துவிடுவோம்.

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணின் முன்பகுதிக்குள் தெளிந்த நீர் ஒன்று ஓயாமல் சுரக்கிறது. கண்ணீர் வேறு, இது வேறு. ஐரிஸ் என்கிற திரைக்குப் பின்னால் சுரந்து, பாவை வழியாக முன்னால் வந்து, கண்ணின் ஓரத்தில் சல்லடை போன்ற ஒரு வடிகால் வழியே ரத்தத்தில் கலந்துவிடும். வருகிற நீரும் போகிற நீரும் சரிசமமாக இருக்கும்வரை கண் தன் வடிவத்தில் இருக்கும். வடிகாலில் சருகு அடைத்துவிட்டால்? மோட்டார் நிற்பதில்லை. தொட்டி நிறைந்தால் வழியும். கண்ணுக்கு வழிய இடமில்லை. அந்த அழுத்தம் முழுவதும் பின்னால் இருக்கும் பார்வை நரம்பின் மேலும் விழித்திரை மேலும் விழுகிறது. திடீரென்று ஏறிய அழுத்தத்தை ஓரிரு நாளுக்குள் இறக்காவிட்டால் பார்வை போனது போனதுதான். நாங்கள் போனது ஆறாம் நாள்.

அடைப்பு இரண்டு விதமாக வரும். ஒன்று, பிறவியிலேயே அந்த வடிகால் சரியாக அமையாதது. காக்கர் ஸ்பேனியல், பேசட் ஹவுண்ட், பீகிள், சைபீரியன் ஹஸ்கி, சௌ சௌ போன்ற இனங்களில் இது பரம்பரையாக வருகிறது. இன்னொன்று, வேறு நோயின் பின்விளைவு: கண்ணுக்குள் அழற்சி, லென்ஸ் இடம் நழுவுவது, அடிபடுவது, முற்றிய கண்புரை, கட்டி. நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் கண்ட நாய்களுக்குக் கண்ணுக்குள் அழற்சியும் ரத்தக் கசிவும் வந்து அதனால் அழுத்தம் ஏறுவதுண்டு. ஆகவே, "எங்களுது நாட்டு நாய், இதெல்லாம் வராது டீச்சர்" என்று யாரும் எழுத வேண்டாம்.

அன்றைக்கே நரம்பு வழியாக மானிடால் ஏற்றினார்கள். ரத்தம் கண்ணிலிருந்து நீரை உறிஞ்சிக்கொள்ளச் செய்யும் மருந்து அது. முதலில் இதயம், சிறுநீரகம் எல்லாம் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்கள். ஏற்றிய பிறகு சில மணி நேரம் தண்ணீர் காட்டக் கூடாது என்றார்கள். லட்டனோப்ராஸ்ட் சொட்டும் விட்டார்கள். மறுநாள் அழுத்தம் 22க்கு வந்தது. பார்வை வரவில்லை. வராது என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஆனாலும் நான் பஞ்சு உருட்டி உருட்டிப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு டார்சோலமைடும் டிமோலாலும் சேர்ந்த சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். மருந்துக் கடையில் பாட்டிலை வாங்கிப் பார்த்தால், என் வீட்டுக்காரர் விடுகிற அதே மருந்து! எங்கள் வீட்டில் காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று அலாரம் அடிக்க ஆரம்பித்தது. பள்ளிக்கூட மணிக்குப் பிறகு நான் இவ்வளவு ஒழுங்காகக் கேட்ட மணி இதுதான்.

இரண்டு மாதம் அப்படிப் போனது. மார்கழி பிறந்தது. விடியற்காலையில் நான் கோலம் போட வந்தால் கூடவே வந்து உட்காருகிறவள், வரவில்லை. வந்த ஒரு நாள் வலது பக்கம் இருந்த கோலமாவு டப்பாவைத் தட்டிவிட்டு, பயந்து உள்ளே ஓடிவிட்டாள். நெற்றியைச் சுவரில் அழுத்தி வைத்துக்கொண்டு நிற்பாள். பகலெல்லாம் தூக்கம். வலது கண் இடது கண்ணைவிடப் பெரிதாகத் தெரிய ஆரம்பித்தது. திரும்பக் கோயம்புத்தூர். மூன்று மருந்து விட்டும் 41.

அங்கேதான் கண்ணை எடுத்துவிடலாம் என்று சொன்னார்கள். நான் முடியாது என்றேன். தம்பி, நீ எழுதிய அதே வாக்கியம், "அது பாட்டுக்கு இருக்கட்டும், வீட்டுக்குள்ள வச்சு பாத்துக்கறோம்" என்றேன். லேசர் இருக்கிறதாமே என்று கேட்டேன். நீர் சுரக்கும் இடத்தை லேசரால் சுட்டுச் சுரப்பைக் குறைக்கிற சிகிச்சையும், சின்னக் குழாய் வைத்து நீரை வடியவிடுகிற அறுவை சிகிச்சையும் உண்மையிலேயே இருக்கின்றன. பார்வை மிச்சம் இருக்கும் கண்ணுக்குத்தான் அவற்றால் முழுப் பயன். பார்வை போன கண்ணுக்கு, உள்ளே மருந்து செலுத்திச் சுரப்பை நிறுத்தும் ஊசி உண்டு, ஆனால் எல்லா நாய்க்கும் பலிக்காது. கண்ணின் உள்பகுதியை எடுத்துவிட்டு சிலிக்கான் பந்து வைக்கலாம், அது நம் பார்வைக்கு அழகாக இருப்பதற்காக. ரோசிக்கு வேண்டியது வலி நிற்பது மட்டும்தான்.

நான் தயங்குவதைப் பார்த்து மருத்துவர் ஒன்று கேட்டார். "அம்மா, உங்களுக்கு ஒத்தைத் தலைவலி வந்திருக்கா? அது ரெண்டு மாசமா விடாம இருந்தா எப்படி இருக்கும்?" எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. அது வந்த நாட்களில் உங்களில் எத்தனை பேர் என்னிடம் காரணமில்லாமல் திட்டு வாங்கியிருப்பீர்கள் என்று உங்களுக்கே தெரியும். கையெழுத்துப் போட்டேன்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு இமைகளைச் சேர்த்துத் தைத்துவிட்டார்கள். கட்டி ஏதும் உள்ளே இருந்ததா என்று பார்க்க எடுத்த கண்ணை ஆய்வுக்கு அனுப்பினார்கள், இல்லை என்று முடிவு வந்தது. எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய் ஆனது. முதல் இரண்டு நாள் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் சமையலறையிலேயே இருந்தேன். நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, "இதுக்குப் பேசாம கடவுள்கிட்ட விட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான்காம் நாள் காலையில் என் இடது கால் செருப்பைக் காணோம். தேடிப் போனால், கொல்லையில் கொய்யா மரத்தடியில் ரோசி அதை வாயில் வைத்துக்கொண்டு, பிடி பார்க்கலாம் என்பதுபோல் நிற்கிறாள். கழுத்தில் அந்தப் புனல் மாட்டியிருந்தும் எப்படிக் கவ்வினாளோ தெரியவில்லை. செருப்புத் திருட்டை அவள் நிறுத்தி ஒரு வருடம் இருக்கும். வயதாகிவிட்டது, பொறுப்பு வந்துவிட்டது என்று நாங்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தோம். தீபாவளிக்கு முன்னாலேயே அந்தக் கண்ணில் அழுத்தம் அவ்வப்போது ஏறி இறங்கிக்கொண்டிருந்திருக்கலாம் என்று மருத்துவர் பிறகு சொன்னார். வயது என்று நாங்கள் நினைத்ததில் எவ்வளவு வலி என்று இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். தம்பி, பாவம் செய்தேனா என்று கேட்டால், செய்தேன். கண்ணை எடுத்த அன்று இல்லை. அதற்கு முந்தைய இரண்டு மாதத்தில்.

இனி இடது கண். பரம்பரையாக வரும் வகை என்றால் ஒரு கண்ணோடு நிற்பது அபூர்வம். கோயம்புத்தூரில் ஒரு சிறு லென்ஸை இடது கண் மேல் வைத்து வடிகால் இருக்கும் மூலையைப் பார்த்தார்கள். குறுகலாகத்தான் இருக்கிறதாம். அழுத்தம் இயல்பாக இருக்கும்போதே மருந்து தொடங்கிவிட்டார்கள். நல்ல கண்ணுக்கு எதற்கு மருந்து என்று எனக்கும் தோன்றியது. அமெரிக்காவில் இதை நாய்களிடம் சோதித்து 2000இல் வெளியிட்டிருக்கிறார்கள். மருந்து விடாத நாய்களுக்கு இரண்டாவது கண்ணும் பாதிக்கப்படச் சராசரியாக 8 மாதம் ஆகியிருக்கிறது. முன்கூட்டியே மருந்து விட்டவற்றுக்கு ஏறக்குறைய இரண்டரை வருடம். ரோசிக்கு இரண்டரை வருடம் என்பது நமக்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் மாதிரி. மாதம் ஆயிரம் ரூபாய்க்குள் ஆகிற மருந்துக்கு இது பெரிய காரியம் இல்லையா?

போன ஞாயிற்றுக்கிழமை, 1998இல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவன் அழைத்தான். "டீச்சர், எங்க நாய்க்குக் கண்ணு செவந்திருக்கு. நீங்க ரோசிக்கு விடற மருந்து பேரு சொல்லுங்க, வாங்கி விட்டுடறேன்" என்றான். சொல்ல மாட்டேன் என்றேன். அவனுக்கு வருத்தம். இந்தப் பதிவில் மருந்துகளின் பெயரை எழுதியிருப்பது, யாராவது எழுதிக் கொடுத்தால் அது என்ன என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. கடையில் போய்க் கேட்பதற்காக இல்லை. லட்டனோப்ராஸ்ட் பாவையைச் சுருக்கும். லென்ஸ் முன்பக்கம் நழுவி வந்த கண்ணில் அதை விட்டால் நிலைமை மோசமாகும். பாவையை விரிக்கும் அட்ரோபின் சொட்டு கிளாக்கோமா கண்ணில் அழுத்தத்தை ஏற்றிவிடலாம். டிமோலால் இதயத் துடிப்பைக் குறைக்கக்கூடியது. இதயக் கோளாறோ இளைப்போ உள்ள நாய்க்கு யோசித்துத்தான் கொடுப்பார்கள். நான் விட்டேனே அந்த மிச்ச மருந்து, அதில் ஸ்டீராய்டு இருந்தது. கண்ணின் மேல்படலத்தில் புண் இருக்கும்போது ஸ்டீராய்டு பட்டால் புண் ஆழமாகிக் கண்ணே கெட்டுப் போகலாம். சிவந்த கண் எல்லாம் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே இருப்பது எது என்று அளந்தால்தான் தெரியும்.

அதனால் உங்கள் நாயின் கண் சிவந்து, அதோடு நீலமாகவோ புகையாகவோ தெரிந்தால், வெளிச்சத்திலும் பாவை விரிந்தே இருந்தால், ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு சாப்பாட்டை ஒதுக்கினால், அன்றைக்கே கிளம்புங்கள். ஞாயிறு, பண்டிகை, முகூர்த்தம் எதையும் பார்க்காதீர்கள். போகும் முன் தொலைபேசியில், "கண் அழுத்தம் பார்க்கும் கருவி இருக்கிறதா?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியை நான் கேட்டிருந்தால் மூன்று நாள் மிச்சமாகியிருக்கும். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, கண்ணுக்கென்று தனிப் பிரிவே உண்டு. எங்களைப் போன்ற சிற்றூர்க்காரர்கள்தான் மூன்று மணி நேரம் காரில் போக வேண்டியிருக்கிறது. மாவட்டத்துக்கு ஓர் அரசுக் கால்நடை மருத்துவமனையிலாவது இந்தக் கருவி இருக்க வேண்டும் என்று மனு எழுதி வைத்திருக்கிறேன். கால்நடைத் துறையில் இருக்கும் என் மாணவர்கள் இருவரும் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். கண்ணுகளா, உங்களிடமும் கொண்டுவருவேன்.

ஹஸ்கி வாங்கப் போவதாகப் படம் போட்ட பேரப்பிள்ளைகளே, நம் வெயிலில் அந்தப் பனிப் பிரதேசத்து நாயை வளர்ப்பது பற்றி என் கருத்து உங்களுக்குத் தெரியும், திரும்பச் சொல்லவில்லை. வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் தாய் நாய், தகப்பன் நாய் இரண்டின் கண்ணையும் யாராவது பரிசோதித்தார்களா என்று விற்பவரிடம் கேளுங்கள். பீகிளுக்கு இந்த நோயின் மரபணு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையே வந்துவிட்டது. விற்பவர் சிரித்தால் அங்கே வாங்காதீர்கள்.

அழைத்த அந்த மாணவன் மறுநாளே நாயைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறான். அழுத்தம் 16, கிளாக்கோமா இல்லை. பக்கத்து வீட்டுப் பூனை கீறி, கண்ணின் மேல்படலத்தில் புண். சாயச் சொட்டு விட்டுப் பார்த்தபோது பச்சையாகத் தெரிந்ததாம். அவன் வீட்டு அலமாரியிலும் ஒரு ஸ்டீராய்டு சொட்டு மருந்து இருந்திருக்கிறது.

ரோசிக்கு அடுத்த பரிசோதனை வருகிற மாதம் முதல் வாரத்தில். போன முறை இடது கண் 17. இப்போது மணி பத்தாகப் போகிறது. அலாரம் அடிக்கும் முன்பே அவள் வந்து, மருந்துக்குப் பின் கிடைக்கும் பிஸ்கட்டுக்காக வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்காரரும் தன் பாட்டிலோடு வரிசையில் நிற்கிறார். உங்கள் கருத்துகளுக்கு நாளைக்குப் பதில் எழுதுகிறேன்.